சைக்கிள் மீது ஓர் ஆபீஸ்!

17 ஆயிரம் மைல் சுற்றியபடியே வேலை பார்த்த அமெரிக்கர்

ஆபீஸ் என்றால் என்ன?

நாலு சுவர். ஒரு மேஜை. ஒரு நாற்காலி. தலைக்கு மேலே மின்சார விசிறி. காலை 10 மணிக்குப் போக வேண்டும். மாலை 5 மணிக்குத் திரும்ப வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த ஆபீஸ் இதுதான்.

அமெரிக்காவில் ஒருவர், தன் ஆபீசைத் தூக்கி சைக்கிள் மீது வைத்தார்!

வீட்டை விற்றார். சைக்கிளில் ஏறினார். ஊர் ஊராகப் போனார். ஆனால் வேலையை விடவில்லை. பாதிப் பொழுது மிதித்தார். பாதிப் பொழுது கம்ப்யூட்டரில் எழுதினார். எழுதியதை டெலிபோன் கம்பி வழியாக அனுப்பினார். சம்பாதித்துக்கொண்டே ஊர் சுற்றினார்.

இது நடந்தது 1983-ம் ஆண்டில். அப்போது செல்போன் கிடையாது. இன்டர்நெட் வீடுகளுக்கு வரவில்லை. மடியில் வைக்கும் கம்ப்யூட்டர் அப்போதுதான் பிறந்திருந்தது.

இன்று எத்தனையோ பேர் தோளில் ஒரு பையுடன் கிளம்புகிறார்கள். ரெயிலிலும், ஓட்டலிலும், மாமியார் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னோடி இந்தச் சைக்கிள்காரர். அவர் பட்ட பாட்டில் பை தூக்குகிறவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது.

வீடு இருந்தது, நிம்மதி இல்லை

அமெரிக்காவில் ஒஹையோ என்று ஒரு மாநிலம். அதன் தலைநகரம் கொலம்பஸ். அந்த ஊரில் வசித்தவர் ஸ்டீவன் ராபர்ட்ஸ். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டி இருக்கும்.

மின்னணுக் கருவிகள் செய்வதில் கெட்டிக்காரர். கம்ப்யூட்டரைப் பற்றிக் கட்டுரைகளும் எழுதுவார். யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. எழுதினால் பணம். எழுதாவிட்டால் இல்லை.

நகரத்தின் ஓரத்தில் அவருக்கு வீடு இருந்தது. வீட்டின் மீது கடன் இருந்தது. தவணை கட்ட வேண்டும். வாசலில் புல் வளர்ந்தால் வெட்ட வேண்டும். தவணை கட்டுவதற்காக எழுதினார். எழுதுவதற்காக வீட்டுக்குள்ளேயே கிடந்தார்.

"எதற்காக இந்த ஓட்டம்?" என்ற கேள்வி அவருக்கு வந்தது.

தனக்கு என்னென்ன பிடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். சைக்கிள் பிடிக்கும். எழுதுவது பிடிக்கும். கம்ப்யூட்டர் பிடிக்கும். ரேடியோ பிடிக்கும். புது ஊர்களும், புது மனிதர்களும் பிடிக்கும்.

இவை அத்தனையும் ஒரே பிழைப்பில் சேருமா?

சேர்த்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். வீட்டை விற்றார். சுமார் ஆறு மாதம் ஏற்பாடுகள் செய்தார்.

இது விளையாட்டு அல்ல. கட்டுரை பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பணம் வரும். சேராவிட்டால் வருமானம் நின்றுவிடும். திரும்பிப் போகலாம் என்றால், வீடும் இல்லை!

ஆள் போவதா, வேலை போவதா?

வேலையைத் தேடி ஆள் போவதற்குப் பதிலாக, ஆளைத் தேடி வேலை வந்தால் என்ன? இந்த யோசனை ராபர்ட்சுக்கு முன்பே பிறந்துவிட்டது.

1973-ம் ஆண்டில் ஜாக் நில்ஸ் என்ற அமெரிக்க என்ஜினீயர் இதைப்பற்றி ஆராய்ந்தார். அவர் இருந்த ஊர் லாஸ் ஏஞ்சல்ஸ். மோட்டார் கார் நெரிசலுக்குப் பேர்போன நகரம்.

தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் காரில் ஏறி, மணிக்கணக்கில் ரோட்டில் நின்று, ஆபீசுக்குப் போகிறார்கள். போய் என்ன செய்கிறார்கள்? காகிதம் பார்க்கிறார்கள். டெலிபோன் பேசுகிறார்கள். இதை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து செய்யக்கூடாதா? இதுதான் நில்ஸ் கேட்ட கேள்வி. தூரத்தில் இருந்தபடி வேலை பார்க்கும் முறைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவரும் அவர்தான்.

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் கருவி வேண்டுமே!

1981-ல் ஆஸ்பார்ன் என்ற கம்ப்யூட்டர் வந்தது. "கையில் தூக்கிப் போகலாம்" என்று சொல்லி விற்றார்கள். தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தோள்பட்டை வலித்தது. எடை சுமார் 11 கிலோ! தையல் மெஷினைப் பெட்டியில் போட்டுத் தூக்குவது போல இருந்தது. அதற்கு உள்ளே பேட்டரியும் இல்லை. சுவரில் பிளக் இருந்தால்தான் வேலை செய்யும். சைக்கிளில் போகிறவர் சுவருக்கு எங்கே போவார்?

நோட்டுப் புத்தகம் அளவில் ஒரு யந்திரம்

1983-ல் அதற்கும் வழி பிறந்தது.

ரேடியோ ஷாக் என்ற அமெரிக்கக் கம்பெனி "மாடல் 100" என்ற சிறிய கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. செய்து கொடுத்தது ஜப்பான் நாட்டின் கியோசெரா கம்பெனி. உள்ளே இருந்த கட்டளைகளில் பெரும் பகுதியை எழுதியவர்களில் ஒருவர், பிற்காலத்தில் உலகக் கோடீஸ்வரராகப் பெயர் பெற்ற பில் கேட்ஸ்!

அதன் நீளம் 30 சென்டி மீட்டர். எடை சுமார் ஒன்றரை கிலோ. பெரிய நோட்டுப் புத்தகம் போல இருக்கும். திரையில் ஒரே நேரத்தில் எட்டு வரிகள்தான் தெரியும். ஒரு வரிக்கு 40 எழுத்துகள்.

இன்றைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் அதில் இரண்டு பெரிய வசதிகள் இருந்தன.

ஒன்று: சிறிய டார்ச் லைட்டுக்குப் போடும் மெல்லிய பேட்டரிகள் நாலு போட்டால் போதும். சுமார் 20 மணி நேரம் ஓடும். எந்தக் கிராமத்துக் கடையிலும் அந்த பேட்டரி கிடைக்கும்.

இரண்டு: டெலிபோனுடன் இணைக்கும் கருவி உள்ளேயே இருந்தது. எழுதியதை அங்கிருந்தே அனுப்பலாம்.

வெளியூர் போகும் பத்திரிகை நிருபர்கள் ஓடிப்போய் இதை வாங்கினார்கள். ராபர்ட்சும் ஒன்று வாங்கினார்.

புறப்பட்டது சைக்கிள்

அவருடைய சைக்கிள் சாதாரண சைக்கிள் அல்ல. ஓட்டுகிறவர் சாய்வு நாற்காலியில் உட்காருவது போலச் சாய்ந்து உட்காருவார். கால்களை முன்னால் நீட்டி மிதிப்பார். நீண்ட தூரம் போனாலும் முதுகும் இடுப்பும் வலிக்காது. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு முதுகுதான் மூலதனம். அதை அவர் முதலிலேயே யோசித்துவிட்டார்.

சைக்கிளுக்கு "வின்னபைகோ" என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் "வின்னபேகோ" என்று ஒரு கம்பெனி உண்டு. சமையலறையும் படுக்கையும் உள்ள பெரிய வீட்டு வண்டிகளைச் செய்யும் கம்பெனி அது. அந்தப் பெயரோடு "பைக்" என்ற சொல்லைச் சேர்த்து வேடிக்கையாகப் பெயர் சூட்டினார்.

வண்டியில் வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் சூரியத் தகடுகள் இருந்தன. கூடாரம் இருந்தது. துணி இருந்தது. சைக்கிள் ரிப்பேர் சாமான்கள் இருந்தன. நடுநாயகமாக, அந்தச் சிறிய கம்ப்யூட்டர் இருந்தது.

1983-ம் ஆண்டில் கொலம்பஸ் நகரிலிருந்து புறப்பட்டார்.

முதல் பயணம் 1985 வரை நடந்தது. போன தூரம் சுமார் 10 ஆயிரம் மைல். அதாவது 16 ஆயிரம் கிலோ மீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு நாலு தடவை போகும் தூரத்தைவிட அதிகம்!

பொது டெலிபோனே தபால் ஆபீஸ்!

எழுதியதை எப்படி அனுப்பினார்?

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு காசு போட்டுப் பேசும் டெலிபோன் இருந்தது. அதன் ரிசீவரை, இரண்டு ரப்பர் கிண்ணங்களுக்குள் அழுத்தி வைப்பார்கள். கிண்ணங்களிலிருந்து ஒரு கம்பி கம்ப்யூட்டருக்குப் போகும்.

கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்தையும் ஒலியாக மாற்றும். காதில் கேட்டால் "கீச்... கீச்" என்று இருக்கும். அந்தக் கீச்சொலி டெலிபோன் கம்பியில் போகும். மறுமுனையில் உள்ள பெரிய கம்ப்யூட்டர் அதைக் கேட்டு மறுபடியும் எழுத்தாக மாற்றிக்கொள்ளும்.

அந்தப் பெரிய கம்ப்யூட்டர்களை நடத்தியது "கம்ப்யூசர்வ்" என்ற கம்பெனி. ராபர்ட்சின் சொந்த ஊரான கொலம்பஸ்தான் அதற்கும் ஊர். பல நகரங்களில் அதற்கு உள்ளூர் டெலிபோன் நம்பர் இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும், உள்ளூர்க் கட்டணத்தில் கூப்பிடலாம். ராபர்ட்சுக்கு வரும் கடிதங்களும் அந்தக் கம்ப்யூட்டரில் காத்துக்கொண்டு இருக்கும்.

வேகம் எவ்வளவு தெரியுமா? வினாடிக்குச் சுமார் 30 எழுத்துகள். ஆயிரம் சொற்கள் உள்ள ஆங்கிலக் கட்டுரை போய்ச் சேர மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகும். நடுவில் லைன் கெட்டுப்போனால் மறுபடியும் முதலிலிருந்து!

அதனால் அவர் வேலையை இரண்டாகப் பிரித்தார். எழுதுவது ஒரு நேரம். அனுப்புவது ஒரு நேரம். மரத்தடியிலும், கூடாரத்திலும், சாப்பாட்டுக் கடையிலும் உட்கார்ந்து எழுதினார். அப்போது லைன் தேவையில்லை. டெலிபோனைக் கண்டபோது மொத்தமாக அனுப்பினார்.

லைன் இல்லை என்று கை கட்டிக்கொண்டு உட்காரவில்லை. இது இன்றும் பயன்படும் தந்திரம்.

ஊரில் ஒரு கை

ராபர்ட்ஸ் தனியாகத்தான் மிதித்தார். ஆனால் வேலையைத் தனியாகச் செய்யவில்லை.

கொலம்பஸ் நகரில் அவருக்கு ஓர் உதவியாளர் இருந்தார். பத்திரிகைகளிலிருந்து வரும் தபாலைப் பார்ப்பதும், செக்குகளை பாங்கியில் கட்டுவதும், கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் அவர் வேலை. முக்கியமான சேதி என்றால் கம்ப்யூட்டரில் போட்டு வைப்பார். ராபர்ட்ஸ் அடுத்த ஊரில் எடுத்துக்கொள்வார்.

ஊர் சுற்றுகிறவரை எல்லோரும் பார்க்கிறார்கள். ஊரில் இருந்து காரியத்தைக் கவனிக்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. காற்றாடி பறக்க வேண்டுமானால், கயிற்றை ஒருவர் பிடித்துக்கொள்ளத்தானே வேண்டும்?

மிதிக்கும்போது தோன்றியது எங்கே போயிற்று?

முதல் பயணத்தில் ஒரு குறை இருந்தது.

மிதிக்கும்போது மனதில் நல்ல நல்ல யோசனைகள் தோன்றும். இறங்கி உட்கார்ந்து எழுதலாம் என்றால், பாதி மறந்துபோகும்! பாதி நாள் மிதிப்பதிலேயே போய்விடுகிறது. அந்த நேரத்திலும் எழுத முடிந்தால்?

1986-ல் சைக்கிளைப் புதிதாக மாற்றிக் கட்டினார். கைப்பிடியில் விரல் படும் இடங்களில் சிறு பொத்தான்கள் வைத்தார். ஆர்மோனியத்தில் இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்துவோம் அல்லவா? அதுபோலப் பொத்தான்களைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் ஒவ்வொரு எழுத்தாக விழும். சைக்கிள் ஓடிக்கொண்டு இருக்கும்போதே கட்டுரை வளர்ந்தது!

இந்த வண்டிக்கு 54 கியர்கள். ரேடியோ மூலமாகவும் சேதி அனுப்பும் வசதி வந்தது. தோழி ஒருவரும் வேறொரு சைக்கிளில் கூட வந்தார். இந்த இரண்டாவது வண்டியில் இன்னும் சுமார் 6 ஆயிரம் மைல் போனார். 1988-ல் தன் பயணத்தைப் பற்றி "கம்ப்யூட்டிங் அக்ராஸ் அமெரிக்கா" என்ற புத்தகத்தை வெளியிட்டார்.

ஓடும் சைக்கிளில் எழுதிய இந்த வித்தையை இன்று யாரும் ரோட்டில் செய்து பார்க்கக் கூடாது. வண்டி ஓட்டும்போது கண்ணும் கருத்தும் ரோட்டில்தான் இருக்க வேண்டும்.

சைக்கிளா, யானையா?

ஆசைக்கு அளவு உண்டா?

ராபர்ட்ஸ் மூன்றாவது வண்டி கட்டினார். இதைக் கட்டவே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பல கம்பெனிகள் கருவிகளைக் கொடுத்து உதவின. 1991-ல் வண்டி ஊர்வலம் வரத் தயாராகிவிட்டது.

அதில் என்னென்ன இருந்தன தெரியுமா?

ஒன்றுக்குப் பல கம்ப்யூட்டர்கள். 105 கியர்கள். 72 வாட் மின்சாரம் தரும் சூரியத் தகடுகள். (ஒரு சீலிங் பேன் ஓட இவ்வளவு மின்சாரம் தேவை.) வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள் வழியாகக் கடிதம் அனுப்பும் கருவி. பின்னால் இழுத்துச் செல்ல ஒரு குட்டி வண்டி.

தலைக்கவசம் தனி அதிசயம்! ஒரு கண்ணுக்கு முன்னால் சின்னஞ்சிறு திரை. அதில் கம்ப்யூட்டரின் எழுத்துகள் தெரியும். தலையை அசைத்தால் திரையில் அம்புக்குறி நகரும். வெயிலில் தலை சூடேறாமல் இருக்க, குளிர்ந்த நீர் குழாய் வழியாகத் தலைக்கவசத்துக்குள் சுற்றி வரும்!

இந்த வண்டிக்கு "பெஹிமத்" என்று பெயர். யூதர்களின் பழைய வேதத்தில் வரும் பிரம்மாண்டமான மிருகத்தின் பெயர் அது. அந்த ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைப் பிரித்து, ராபர்ட்சே ஒரு விளக்கமும் சொன்னார். "மனிதன் மிதித்து ஓட்டும் பெரிய மின்னணு யந்திரம், கனம்தான் ரொம்ப அதிகம்" என்பது அதன் கருத்து!

கனம் எவ்வளவு? 580 பவுண்டு. அதாவது 263 கிலோ. புல்லட் மோட்டார் சைக்கிளைவிட அதிகம். மோட்டார் சைக்கிளுக்கு என்ஜின் உண்டு. இதற்கு இரண்டு கால்கள்தான் என்ஜின்!

கனம் சொன்ன பாடம்

மூன்று வண்டிகளிலும் சேர்த்து அவர் போன தூரம் சுமார் 17 ஆயிரம் மைல். இதில் 10 ஆயிரம் மைல் முதல் வண்டியில் போனது. 6 ஆயிரம் மைல் இரண்டாவது வண்டியில் போனது. எல்லா வசதியும் நிறைந்த மூன்றாவது வண்டியின் பங்கு சுமார் ஆயிரம் மைல்தான்!

கருவி குறைவாக இருந்தபோது பயணம் நீண்டது. கருவி கூடியபோது பயணம் குறுகியது.

கடன் வீட்டின் சுமையைத் தாங்க முடியாமல்தான் ராபர்ட்ஸ் சைக்கிளில் ஏறினார். கடைசியில் சைக்கிளே ஒரு வீட்டின் கனத்துக்கு வந்துவிட்டது.

இதனால் அவர் உழைப்பு வீண் என்று யாரும் சொல்ல முடியாது. ஓடும் வண்டியில் எழுதலாம், வெயிலில் மின்சாரம் எடுக்கலாம், எந்த இடத்திலிருந்தும் சேதி அனுப்பலாம் என்று தன் கால்களால் மிதித்துக் காட்டியவர் அவர். "பெஹிமத்" வண்டி, கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்திடம் போய்ச் சேர்ந்தது. ராபர்ட்சின் ஆசை பிறகு தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. பாயும், சூரியத் தகடும், மிதிகட்டையும் உள்ள சிறு படகு ஒன்றைக் கட்டினார்.

263 கிலோ, இரண்டு கிலோ ஆயிற்று

அந்த வண்டியில் ஏற்றியிருந்த வசதிகளில் பெரும்பாலானவை இன்று ஒரு பைக்குள் அடங்கிவிட்டன. மடிக் கம்ப்யூட்டர் ஒன்றரை கிலோ. செல்போன் 200 கிராம். எழுதலாம், பேசலாம், வழி பார்க்கலாம், கடிதம் அனுப்பலாம்.

ஆனால் ராபர்ட்ஸ் கவனித்த ஐந்து விஷயங்கள் இன்றும் மாறவில்லை. வெளியூரில் இருந்து வேலை பார்க்கப் போகிறவர்கள் இவற்றைக் குறித்துக்கொள்ளலாம்.

1. மின்சாரம்

மடிக் கம்ப்யூட்டரின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். எழுதும் வேலைக்கு மின்சாரம் குறைவாகச் செலவாகும். முகம் பார்த்துப் பேசும் வீடியோ கூட்டத்துக்கு அதிகம் செலவாகும்.

கூடுதலாக "பவர் பேங்க்" எடுத்துச் செல்கிறவர்கள் உண்டு. ஆகாய விமானத்தில் போனால் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. அதன் சக்தி 100 வாட் மணிக்குள் இருந்தால் பொதுவாகத் தடை இல்லை. கணக்கு சுலபம்: 20 ஆயிரம் மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால், அது சுமார் 74 வாட் மணி.

வெளிநாடு போகிறவர்கள் சார்ஜர் மீது உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். "100-240" என்று இருந்தால் எந்த நாட்டு மின்சாரத்திலும் வேலை செய்யும். அமெரிக்காவில் 120 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட். பிளக்கின் வடிவம் மட்டும் மாறும். அதற்கு ஒரு சிறிய மாற்றுப் பிளக் போதும்.

2. லைன்

ஒரே கம்பெனி லைனை நம்பிப் போகக் கூடாது. ஒரு கம்பெனியின் டவர் கிடைக்காத இடத்தில் இன்னொரு கம்பெனியின் டவர் கிடைக்கலாம். செல்போனில் இரண்டு சிம் போடும் வசதி இருந்தால் நல்லது. செல்போனிலிருந்தே கம்ப்யூட்டருக்கு லைன் கொடுக்கலாம்.

வீடியோ கூட்டம் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு ஜி.பி. செலவாகும். வெறும் எழுத்துக்கு அதில் சிறு துளிகூட ஆகாது. தேவையான தாள்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். லைன் இல்லாதபோது எழுதுங்கள். கிடைத்ததும் அனுப்புங்கள். மரத்தடி ராபர்ட்ஸ் செய்தது இதைத்தான்.

3. இருக்கை

கட்டிலில் படுத்துக்கொண்டு வேலை பார்ப்பது முதல் நாள் சுகம். பத்தாவது நாள் கழுத்து வலி!

திரை கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். நாலு தடித்த புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கம்ப்யூட்டரை வையுங்கள். தட்டுவதற்குத் தனிக் கீபோர்டு ஒன்று போதும். முழங்கை மடங்கி, தோள் தளர்ந்து இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்.

கண்ணுக்கும் ஓய்வு வேண்டும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள பொருளை 20 வினாடி பாருங்கள். கண் டாக்டர்கள் சொல்லும் சுலபமான வழி இது.

4. காப்பு

கம்ப்யூட்டர் தொலைந்தால் வேறு வாங்கலாம். அதில் உள்ள வேலை தொலைந்தால்?

வேலைகளுக்கு எப்போதும் இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்று கம்ப்யூட்டரில். மற்றொன்று இன்டர்நெட் கிடங்கிலோ, தனியாக வைத்த சிறு கருவியிலோ. இரண்டையும் ஒரே பையில் வைத்தால் பயன் இல்லை. பை போனால் இரண்டும் போய்விடும்.

ஓட்டல், ரெயில் நிலையம் போன்ற பொது இடங்களில் இலவச லைன் கிடைக்கும். அதில் பாங்கி வேலைகளைப் பார்க்காமல் இருப்பது நல்லது. ரகசியச் சொல்லைத் தட்டும்போது பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. நேரமும் ஆளும்

நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் சென்னையில் மாலை 6½ மணி. குளிர்காலத்தில் 7½ மணி. மகன் வீட்டுக்கோ, மகள் வீட்டுக்கோ வந்து அங்குள்ள ஆபீஸ் வேலையைப் பார்க்கிறவர் எப்போது தூங்குவார், எப்போது சாப்பிடுவார் என்று வீட்டாருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். "ஊருக்கு வந்தும் முகம் கொடுத்துப் பேசவில்லை" என்ற மனத்தாங்கல் வராது.

ஆபீசிலும் ஓர் ஆளிடம் சொல்லி வைக்க வேண்டும். "இந்த நேரத்தில் நான் கிடைப்பேன், இந்த நேரத்தில் கிடைக்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

விசாவும் முக்கியம்

2020-ல் கொரோனா நோய் பரவியது. ஆபீஸ்கள் மூடப்பட்டன. உலகெங்கும் வீடே ஆபீஸ் ஆயிற்று. "வீட்டிலிருந்து முடியும் என்றால் வெளிநாட்டிலிருந்தும் முடியும்தானே?" என்று பலர் கேட்டார்கள்.

அதே ஆண்டு ஜூலை மாதத்தில் பார்படோஸ் என்ற தீவு நாடு, 12 மாதம் தங்கியிருந்து சொந்த நாட்டு வேலையைப் பார்க்க அனுமதி கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. ஆகஸ்டு மாதத்தில் ஐரோப்பாவில் உள்ள எஸ்தோனியாவும் இதற்கென்று தனி விசா கொடுக்க ஆரம்பித்தது. பிறகு வேறு பல நாடுகளும் வழி திறந்தன.

ஆனால் சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. பல நாடுகளில் அதற்கு அனுமதி இல்லை. வரி கட்ட வேண்டிய நிலையும் வரலாம். டிக்கெட் வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஒருநாள் ஒத்திகை

நெடுந்தூரப் பயணத்துக்கு முன்னால் ஒருநாள் ஒத்திகை பாருங்கள்.

காலையில் பையை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போங்கள். அல்லது ஊரில் உள்ள நூலகத்துக்குப் போங்கள். மாலை வரை அங்கிருந்தே வேலை பாருங்கள். எது இல்லாமல் தவித்தீர்கள் என்பது அன்றே தெரிந்துவிடும். அதைப் பையில் சேருங்கள்.

இரவு வீட்டுக்கு வந்ததும் பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். அன்று முழுவதும் கையால் தொடாத சாமான்கள் எவை என்று பாருங்கள். மழைக் கோட்டும் மருந்தும் மட்டும் இருக்கட்டும். மற்றவை வீட்டிலேயே இருக்கட்டும்.

263 கிலோ வண்டியை மிதித்த அந்தக் கால்கள் எவ்வளவு வலித்திருக்கும்! உங்கள் தோளுக்கு அந்த வலி வேண்டாம்.